ஒரு பெயருக்கு ஓர் ஆள்

எல் கொரோசோ என்கிற ஆற்றங்கரை ஊரின் ஓரேப் சபையில் ஒரே ஒரு சாமுவேலுக்குத்தான் இடம் உண்டு. ஒரு தானியேல், ஒரு ரூத், ஒரு எஸ்தர், அவ்வளவுதான். அந்த ஆள் உயிரோடு இருக்கும்வரை அந்தப் பெயரை இன்னொரு பிள்ளைக்கு வைக்கக் கூடாது. சபையைத் தொடங்கிய முதல் பாஸ்டர் போட்டுவிட்டுப் போன சட்டம் அது. கர்த்தர் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது இரண்டு தலைகள் திரும்பக் கூடாதாம். கர்த்தருக்கு ஆள் அடையாளம் தெரியாதா என்று அன்றைக்கே யாராவது கேட்டுத் தொலைத்திருந்தால் பின்னால் இவ்வளவு பாடு இருந்திருக்காது. ஒருவரும் கேட்கவில்லை, எல்லாரும் ஆமென் சொன்னார்கள்.

நல்ல பெயர்களெல்லாம் முதல் பத்து வருஷத்திலேயே தீர்ந்து போயின. அதற்கப்புறம் பைபிளின் நாளாகமத்தில் கை வைத்தார்கள். பக்கம் பக்கமாகப் பெயர்களை அடுக்கி வைத்திருக்கும் அந்தப் புத்தகத்தை மற்ற சபைகளில் எல்லாரும் தாண்டிப் போய்விடுவார்கள். எல் கொரோசோவில் பிள்ளைத்தாய்ச்சிகள் எல்லாரும் விரல் வைத்துப் படித்தார்கள். அதனால்தான் உசுமசின்தா ஆற்றில் படகு ஓட்டுகிறவன் பெயர் ஹெதுத்தூன். செல்போனுக்குக் காசு ஏற்றுகிற கடைக்காரியின் பெயர் ஆசெலெல்போனி. அக்கரையில் பிறப்புப் பதிவு செய்கிற குமாஸ்தா, இந்த ஊர்க்காரர்கள் கைப்பிள்ளையோடு படியேறுவதைக் கண்டாலே பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பெருமூச்சு விடுவார். பள்ளிக்கூடத்தில் மற்ற ஊர்ப் பிள்ளைகள் இவர்களுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் வனாந்தரத்துக் கூட்டம், பைபிளில் பாலைவனத்தில் அலைந்த ஜனங்களை நினைத்து.

ஒரு பெயர் காலியாவதற்கு இரண்டே வழிதான். ஆள் செத்துப் போகவேண்டும், இல்லாவிட்டால் சபையை விட்டு நீக்கப்படவேண்டும். கெதூரா தெ லா க்ரூஸின் வயிற்றெரிச்சல் முழுவதும் அந்த இரண்டாவது வழியில்தான் இருக்கிறது.

கெதூராவின் அப்பா அவளுக்கு ரூத் என்று வைக்கத்தான் ஆசைப்பட்டார். அப்போது ரூத் என்று ஒரு கிழவி இருந்தாள், சாகிற உத்தேசமே இல்லாமல் நன்றாகத்தான் இருந்தாள். எனவே ஆபிரகாம் தள்ளாத வயதில் கட்டிக்கொண்ட கெதூராவின் பெயர் வந்து சேர்ந்தது. சின்ன வயதில் அதைச் சொல்லிப் பையன்கள் கேலி செய்தால் கல்லெடுத்து எறிவாள், குறியும் தப்பாது. அவளுடைய கோபம் ஊரறிந்தது. அவளிடம் கடன் சொல்லவோ வரிசையில் முந்தவோ எவனும் துணியமாட்டான். இருபது வயதில் ஹோத்தாமைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவன் வாழைத் தோட்டத்தில் மருந்தடித்துக் குலை வெட்டிப் பதினைந்து வருஷம் உழைத்து, சிறுநீரகம் இரண்டும் போய்ச் செத்தான். அப்போது பையனுக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து கெதூராவின் அடுப்பு படகுத்துறையில்தான் எரிகிறது. பச்சை வாழைக்காயைத் தோலுரித்து, நறுக்கி, ஒருதரம் வறுத்து, பலகையில் வைத்துத் தட்டிப் பரத்தி, மறுபடியும் எண்ணெயில் போட்டு எடுப்பாள். உள்ளங்கை அகலத்துக்கு மொறுமொறுவென்று இருக்கும். மேலே உப்பும் பாலாடைக் கட்டியும் தூவித் தருவாள். படகு பிடிக்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சபைக்காரர்கள். அவர்கள் வாயில்தான் அவளுடைய பிழைப்பு இருந்தது.

அந்தப் பையனுக்கு முன்னால் அவளுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன. இரண்டும் மூச்சில்லாமல் பிறந்தன. மூச்சில்லாத பிள்ளைக்குச் சபையில் பெயர் கிடையாது. இவள் ஆசையாக நாளாகமத்தில் தேடி இரண்டு பெயர் பார்த்து வைத்திருந்தாள். அவை இரண்டும் வேறு வீட்டுப் பிள்ளைகளுக்குப் போயின, அவர்கள் இப்போது நெடுநெடுவென்று வளர்ந்து இவளிடமே வாழைக்காய் வாங்கித் தின்கிறார்கள். அந்த இரண்டு குழிகளின் பக்கம் போனால் இவளுக்கு என்ன சொல்லி அழுவதென்று தெரியாது, கூப்பிட ஒரு பெயர் வேண்டுமே. மூன்றாவது பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டு பிறந்தபோது அவள் பாலைக்கூட மறந்துவிட்டு, இதற்கு என்ன பெயர், இதற்கு என்ன பெயர் என்றுதான் கேட்டுக்கொண்டே இருந்தாளாம்.

பாஸ்டர் அமசியாஸ் அப்போதுதான் சபைக்குப் புதிதாக வந்திருந்தார். எலியாசிப் காலியாக இருக்கிறது, நெகேமியாவின் காலத்தில் பிரதான ஆசாரியனாக இருந்தவன், எருசலேமின் அலங்கமாகிய மதிலைக் கட்டியவன், அருமையான பெயர் என்றார். அது யாரிடமிருந்து காலியானது என்பது ஊருக்கே தெரியும். நோவாதியா என்கிற விதவையின் மகன். குடித்துவிட்டு ஆராதனைக்கு வந்து ஒரு மூப்பரின் சட்டையைப் பிடித்துவிட்டான், நீக்கிவிட்டார்கள், அவன் ஊரை விட்டே போய்விட்டான். பிள்ளைப் பிரதிஷ்டை நாளில் பாஸ்டர் பிள்ளையைக் கையில் வாங்குமுன் சபையைப் பார்த்து மூன்று தரம் கேட்பார், இந்தப் பெயருக்கு ஆள் உண்டா என்று. மூன்றாம் தரம் மௌனமாக இருந்தால் பெயர் பிள்ளைக்கு. அன்றைக்கு மூன்று தரமும் மௌனம்தான். மூன்றாவது பெஞ்சில் நோவாதியா உட்கார்ந்திருந்தாள். கெதூரா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பிள்ளையை வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய்விட்டாள்.

எலியாசிப் நல்ல பையன். படகு எஞ்சின் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டான், அக்கரையில் ஒரு கொட்டகையில் வேலை கிடைத்தது. தப்பு அவன் கையில் இருந்தது. எதைத் தொட்டாலும் தட்டுவான். டீசல் டப்பா, சாப்பாட்டு மேசை, படகின் விளிம்பு, எல்லாம் தாளம்தான். அக்கரையில் கத்தோலிக்கர்களின் புனிதர் திருவிழாவுக்கு மேளமும் புல்லாங்குழலும் வாசிக்கிற குழுவில் ஓர் ஆள் குறைந்தபோது இவனைக் கூப்பிட்டார்கள், போனான். சிலைக்கு முன்னால் மேளம் அடித்துக்கொண்டே தெருவைச் சுற்றினான். எவனோ அதைப் போனில் படம் பிடித்துப் பாஸ்டருக்கு அனுப்பிவிட்டான். விக்கிரகத்துக்கு முன்னால் வாசித்தவன் என்று அடுத்த ஞாயிறே நீக்கம்.

நீக்கம் என்றால் வெறுமனே உள்ளே வராதே என்பதல்ல. வெள்ளிக்கிழமை தோறும் உபவாச ஜெபத்தில் சபையார் அத்தனை பேருடைய பெயரையும் ஒவ்வொன்றாக வாசித்து ஜெபிப்பார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர், முக்கால் மணி நேரம் ஆகும். நீக்கப்பட்டவன் பெயர் அதில் வராது. அவனைப் பற்றிப் பேசவேண்டி வந்தாலும் பெயரைச் சொல்லக் கூடாது. எலியாசிப்பை எல்லாரும் மேளக்காரன் என்றார்கள். கூடப் படித்தவன் ஹெதுத்தூன்கூட, உங்க மேளக்காரன் எப்படி இருக்கான் என்று பெற்றவளிடமே கேட்டான். கெதூரா கொதிக்கிற எண்ணெயைக் கரண்டியோடு தூக்கிவிட்டாள், ஊற்றவில்லை.

அப்படியானால் அவள் ஏன் சபையை விட்டுப் போகவில்லை என்று கேட்கலாம். பயம், வேறென்ன. ஹோத்தாமின் கல்லறை சபை நிலத்தில் இருக்கிறது, இவளுக்கும் அதன் பக்கத்தில் இடம் விட்டிருக்கிறார்கள். பிறந்தது முதல் தெரிந்த முகங்கள் அங்கேதான் இருக்கின்றன. வாழைக்காய் வாங்குகிறவர்களும் அவர்கள்தான். எனவே இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு வெள்ளிக்கிழமை தோறும் போனாள். எலிசாமா என்று வாசித்து முடித்து அடுத்த பெயருக்குப் போகிற, மகன் பெயர் வந்திருக்கவேண்டிய இடைவெளியில், உதடு அசையாமல், எலியாசிப், எலியாசிப் என்று இரண்டு தரம் சொல்லிக்கொள்வாள். கர்த்தருக்குக் கேட்டிருக்கும் என்று நம்பினாள்.

இந்த நிலையில்தான் பாஸ்டரின் மகள் அபிசாகுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அதற்கு எலியாசிப் என்று வைக்கப் போகிறார்கள், வருகிற ஞாயிற்றுக்கிழமை பிரதிஷ்டை என்று ஹெதுத்தூன் வந்து சொன்னபோது கெதூரா வாழைக்காய் தட்டிக்கொண்டிருந்தாள். பலகை இரண்டாகப் பிளந்தது. அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, எண்ணெய்க் கையோடு பாஸ்டர் வீட்டுக்கு நடந்தாள்.

பாஸ்டர் அமசியாஸ் சத்தம் போடுகிற மனிதர் அல்ல. அவருடைய சாந்தம்தான் எரிச்சல். ஸ்தோத்திரம் சிஸ்டர், உட்காருங்கள் என்றார். அவர் மனைவி குடுவையில் மக்காச்சோள மாவில் பொசோல் கரைத்துக் கொண்டுவந்து வைத்தாள், வெயிலுக்கு இதமாக, சாக்லேட் செய்கிற கக்காவோவின் வாசத்தோடு. வந்த வீட்டில் பொசோலைக் குடிக்காமல் இருப்பது அந்தப் பக்கத்தில் முகத்தில் அறைகிற மாதிரி. கெதூரா குடுவையைத் தொடவில்லை, உட்காரவும் இல்லை.

நாளாகமத்தில் பெயருக்கா பஞ்சம், ஏன் என் மகன் பெயர் என்று கேட்டாள். அபிசாகின் கனவில் அந்தப் பெயர் வந்தது என்றார் பாஸ்டர். கெதூரா சிரித்தேவிட்டாள். கனவில் வருகிற பெயரெல்லாம் காலியான பெயராகவே வருவது நல்ல வசதிதான் என்றாள். அவர் முகம் மாறவில்லை.

"பேரு உங்களோடது இல்ல சிஸ்டர், சபையோடது. கர்த்தர் இரவலாக் குடுத்தாரு, திரும்ப எடுத்துக்கிட்டாரு."

"கர்த்தர் எடுக்கல பாஸ்டர். நீங்க எடுத்தீங்க. அவன் உயிரோட இருக்கான். பெத்தவ நான் உங்க முன்னால நிக்கிறேன். செத்தவன் பேரை எடுக்கிற மாதிரி எடுக்குறீங்க."

"சபைக்கு அவன் செத்தவன்தான்."

அதை அவர் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் என்பதைத்தான் கெதூராவால் தாங்க முடியவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார். பிறகு ஒன்றையும் நினைவுபடுத்தினார். நீக்கப்பட்டவனுக்காகப் பிரதிஷ்டையில் வாய் திறக்கிறவர்களுக்கும் அதே நீக்கம்தான், இதுவும் முதல் பாஸ்டரின் சட்டம்தான், சிஸ்டர் யோசித்துக்கொள்ளட்டும் என்றார். கெதூரா குடுவையை மேசையின் நடுவுக்குத் தள்ளிவிட்டு வெளியே வந்தாள்.

அடுத்த படகில் அக்கரைக்குப் போனாள். எலியாசிப் ஓர் எஞ்சினைக் கழற்றிப் போட்டுக்கொண்டு கிரீஸும் கையுமாக உட்கார்ந்திருந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் சிரித்தான். அம்மா மூச்சிரைக்க வந்து நிற்கிறாள், இவன் பல்லைக் காட்டுகிறான்.

"என் வாக்காளர் அட்டையில அச்சடிச்சிருக்கும்மா. அதை பாஸ்டர் வந்து சுரண்டவா போறாரு?"

"அந்த அட்டைய வச்சுக்கிட்டு யாருடா உனக்காக ஜெபிப்பா?"

ரெண்டு வருஷமாக அந்த லிஸ்டில் இல்லாமலே நன்றாகத்தானே இருக்கிறேன் என்றான். அம்மா அங்கே வாழவேண்டியவள், வீணாக வம்பை விலைக்கு வாங்காதே, அந்தக் கைப்பிள்ளை பாவம், வைத்துக்கொண்டு போகட்டும் என்றான். உனக்கு ரோஷமே கிடையாதா, மேளத்தோல் மாதிரி ஆகிவிட்டதா உன் தோலும் என்று அவனை ஏசிவிட்டு அவள் திரும்பிவிட்டாள். படகில் வரும்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவனுக்கு அந்தப் பெயர் வேண்டியதில்லை. அவனுக்கு எந்தப் பெயரும் போதும். வேண்டியிருப்பது அவளுக்குத்தான். மூன்று பிள்ளை பெற்றதில் வாயால் கூப்பிட அவளுக்குக் கிடைத்தது அந்த ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் எலியாசிப் என்று சத்தமாக வாசிப்பார்கள், முந்நூறு பேர் ஆமென் சொல்வார்கள், அது அபிசாகின் மடியில் கிடக்கிற பிள்ளைக்குப் போகும். இவள் முணுமுணுத்தாலும் அங்கேதான் போகும். இவள் மகனுக்காக வானத்தில் ஒரு சொல்கூட மிஞ்சாது. 

மறுநாள் அவள் நோவாதியாவின் வீட்டுக்குப் போனாள். ஏன் போனாள் என்றால், பிரதிஷ்டையில் எழுந்து நிற்கத் தனக்குத் துணைக்கு ஓர் ஆள் வேண்டும் என்று நினைத்தாள். மகன் பெயரைப் பறிகொடுத்த வலி தெரிந்தவள் ஊரில் அவள் ஒருத்திதானே என்பது அவள் கணக்கு. எழுபத்திரண்டு வயதில் நோவாதியா முற்றத்தில் கக்காவோ கொட்டைகளைக் காயப் போட்டு, வெறுங்காலால் துழாவிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. கெதூரா சொன்னதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு கடைசிவரை துழாவினாள்.

"இருபத்தி நாலு வருஷம் என் புள்ள பேரைச் சொல்லி உன் புள்ளைய சோறு திங்கக் கூப்பிட்ட. அடுத்த தெருதானே, ஒவ்வொரு தடவையும் எனக்குக் கேட்டுச்சு. எலியாசிப், வாடா சாப்பிட. எலியாசிப், மழையில நனையாத. இப்ப உனக்கு வயிறு எரியுதாக்கும்?"

"தெரியாமப் பண்ணிட்டேன் பெரியம்மா."

"தெரியாமயா? மூணாவது பெஞ்சுல ஒருத்தி உக்காந்திருந்தாளே, அதுவுமா தெரியாது? தெரிஞ்சதாலதாண்டி நீ திரும்பிப் பாக்கல."

 வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவர் ஏசியதற்குத் திருப்பி ஏசக் கெதூராவுக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் அது உண்மை. பாஸ்டர் மேல் இருந்த கோபம் அப்படியே திரும்பி அவள் நெஞ்சிலேயே ஏறி உட்கார்ந்தது. இருபத்தாறு வயதில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு வேகவேகமாக வீட்டுக்கு நடந்த அந்தக் கெதூராவை இப்போது கண்டால் மயிரைப் பிடித்து இழுத்திருப்பாள்.

முதல் எலியாசிப் எங்கே இருக்கிறான் என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அதைக் கேட்டவள் இவள் ஒருத்திதான் என்றாள் நோவாதியா. அவன் கோவாட்சகோவால்கோஸ் துறைமுகத்தில் மின்விசிறி பழுது பார்க்கிறான். ஐம்பத்தொரு வயது. குடியை விட்டுப் பதினைந்து வருஷமாகிறது. மாதம் ஒரு தடவை தாய்க்குப் போன் செய்வான், இவள் கதவைச் சாத்திக்கொண்டுதான் அவன் பெயரைச் சொல்லிப் பேசுவாள். அன்றைக்கு நீங்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்று கெதூரா கேட்டாள். நோவாதியா முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"பயம். உனக்கு இப்ப வந்திருக்கே, அதே பயம். போடி. ஞாயித்துக்கிழமை நீ என்ன பண்றேன்னு பாக்கத்தான் வருவேன். என் கையப் பிடிச்சுக்கிட்டு எந்திரிக்கலாம்னு மட்டும் நினைக்காத."

ஞாயிற்றுக்கிழமை சபை நிரம்பி வழிந்தது. பாஸ்டரின் பேரப்பிள்ளை அல்லவா, பக்கத்து ஊர்ச் சபைகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். பின்கட்டில் நானூறு பேருக்குக் கோழியும் சோறும் கொதித்துக்கொண்டிருந்தன. தகரக் கூரைக்குக் கீழே ஆறு மின்விசிறிகள் வெந்நீராவியைத்தான் சுற்றிக்கொண்டிருந்தன. அபிசாக் வெள்ளை உடுப்பில் பிள்ளையோடு மேடைக்கு முன்னால் நின்றாள். பத்தொன்பது வயதுப் பெண், பிரசவத்தில் முகம் வெளுத்துப் போயிருந்தது. பாஸ்டர் மைக்கைப் பிடித்து முதல் தரம் கேட்டார், எலியாசிப் என்கிற பெயருக்கு ஆள் உண்டா என்று.

கெதூரா எழுந்து நின்றாள்.

"இருக்கு. ரெண்டு ஆளு இருக்கு."

பெஞ்சுகள் கிறீச்சிட்டன. அத்தனை தலைகளும் திரும்பின. பாஸ்டர் அவளைப் பார்க்காதவர் போலக் கூரையைப் பார்த்து இரண்டாம் தரம் கேட்டார். கெதூரா தன் மகன் எந்தக் கொட்டகையில் எஞ்சின் பழுது பார்க்கிறான் என்று சொன்னாள். நோவாதியாவின் மகன் எந்த ஊரில் விசிறி பழுது பார்க்கிறான் என்று சொன்னாள். அந்த மூத்த எலியாசிப்பின் பெயரைத் தான் இருபத்து நான்கு வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில் நின்று திருடியதாகவும், அவனுடைய தாய் பார்த்துக்கொண்டிருந்ததாகவும், அன்றைக்கு இந்தச் சபை முழுவதும் ஆமென் சொன்னதாகவும் சொன்னாள். மூப்பர்கள் இரண்டு பேர் அவள் பக்கம் நடக்க ஆரம்பித்தார்கள். ஒரு மூப்பர் அவள் முழங்கையைப் பிடித்தார், அவள் உதறினாள். அதற்கப்புறம் அவள் பாஸ்டரிடம் பேசவே இல்லை. அபிசாகைப் பார்த்துத்தான் பேசினாள்.

"எடுத்துக்கம்மா. நானும் இப்படித்தான் சந்தோஷமா எடுத்துக்கிட்டேன். ஆனா ஒண்ணு கேட்டுக்க. நாளைக்கு உன் புள்ளை ஒரு தப்புப் பண்ணுவான். புள்ளைன்னா பண்ணும். அன்னைக்கு இவங்க இவன் பேரை இன்னொருத்தி மடியில போடுவாங்க. நீ எந்தப் பெஞ்சுல உக்காந்து பாக்கப் போற?"

சிஸ்டருக்காக ஜெபிப்போம் என்றார் பாஸ்டர், அதே சாந்தத்தோடு. பிறகு மூன்றாம் தரம் கேட்டார். ஒருவரும் பேசவில்லை. நோவாதியாவும் பேசவில்லை, மூன்றாவது பெஞ்சில் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சட்டப்படி மூன்றாவது மௌனம்தான் கணக்கு. பாஸ்டர் மைக்கை வைத்துவிட்டுப் பிள்ளையை வாங்க இரண்டு கைகளையும் நீட்டினார்.

அபிசாக் கொடுக்கவில்லை. அவர் இன்னும் ஓர் அடி முன்னால் வந்தார். அவள் ஓர் அடி பின்னால் போனாள். பிள்ளையை மார்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, வேற பேரு பாருங்கப்பா என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் மேடை விளிம்பில் வைத்திருந்த மைக் அதை எடுத்துக் கூரை வரைக்கும் கொண்டுபோய்விட்டது. பிள்ளை பெயரில்லாமல் வீட்டுக்குப் போயிற்று. கோழிச் சோறு பாதிக்கு மேல் மிஞ்சிப் போனதாகச் சொன்னார்கள். இரண்டு வாரம் கழித்து, நாளாகமத்தில் வேறொரு பக்கத்தைப் புரட்டி, அகியெசெர் என்று வைத்தார்கள்.

கெதூராவை அடுத்த ஞாயிறே நீக்கினார்கள். கெதூரா என்கிற பெயர் காலி என்று பாஸ்டர் அறிவித்தார். அப்போது சபையில் மூன்று பிள்ளைத்தாய்ச்சிகள் இருந்தார்கள். ஹோத்தாமின் பக்கத்தில் விட்டிருந்த இடத்தையும் வேறொரு குடும்பத்துக்கு எழுதிவிட்டார்கள் என்று ஆசெலெல்போனி கடையில் யாரோ சொன்னதாகக் காதில் விழுந்தது. செத்த பிறகும் தன்னைப் புருஷன் பக்கம் அண்டவிட மாட்டார்களாம் என்று கெதூரா அன்று முழுக்கத் தனக்குத்தானே பொருமிக்கொண்டு வாழைக்காய் தட்டினாள். தட்டின தட்டில் எல்லாம் வறுக்க முடியாதபடி மெலிந்து போயின.

படகுக்கு வருகிற சபைக்காரர்கள் அவள் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். பசித்த பிள்ளைகள் கையை நீட்டினால் தாய்மார்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். பேசவேண்டி வந்தால் வாழைக்காய்க்காரி என்றார்கள். அக்கரை ஆட்கள் வாங்கியதால் அடுப்பு அணையவில்லை, அவ்வளவுதான். மகன் அக்கரைக்கு வந்துவிடு என்று கூப்பிட்டான். இந்தத் துறையை விட்டு ஓர் அங்குலம்கூட நகரமாட்டேன், முதுகு வலிக்கும்வரை அவர்கள் திரும்பி நிற்கட்டும் என்றாள். சொல்லிவிட்டாளே ஒழிய, நாள் முழுக்க ஒருவர் வாயிலும் தன் பெயர் வராமல் போவது எப்படி இருக்கும் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. சாயங்காலங்களில் அடுப்புச் சாம்பலை அள்ளும்போது, இதைத்தானே எலியாசிப் இரண்டு வருஷம் சிரித்துக்கொண்டே தாங்கினான் என்று நினைப்பாள், அவனை ஏசியதற்காகத் தன்னையே ஏசிக்கொள்வாள்.

ஐந்தாவது வாரம் ஒரு சந்தை நாள். படகுத்துறையில் அறுபது எழுபது பேர் நின்றார்கள், பெரும்பாலும் சபைக்காரர்கள், மூப்பர்கள் இருவரும் இருந்தார்கள். நோவாதியா கக்காவோ மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். வரிசையில் நிற்கவில்லை. மூட்டையை இறக்கி அடுப்புக்கு முன்னால் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்தாள். பிரசங்கத்துக்கு ஆமென் சொல்கிற அதே உரத்த குரலில், துறை முழுக்கக் கேட்கும்படி, "கெதூரா தெ லா க்ரூஸ், எனக்கு ரெண்டு குடு" என்றாள்.

 ஒரு மூப்பர், சிஸ்டர் நோவாதியா, என்ன வார்த்தை சொல்கிறீர்கள் என்று எச்சரித்தார். அவள் அவர் பக்கம் திரும்பாமல் இன்னொரு தரம் முழுப் பெயரையும் சொன்னாள், இன்னும் சத்தமாக. கெதூராவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டு துண்டுகளை எடுத்து உப்புத் தூவிக் காகிதத்தில் வைத்து நீட்டினாள், பெரியம்மா என்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நோவாதியா காகிதத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"அழாத. உன் மேல இருக்கிற கோவம் போகல, நான் சாகிற வரைக்கும் போகாது. ஆனா பேரு உன்னோடது."